ஒரு கோலின் பழியை ஐம்பதாண்டு சுமந்தவர்



வென்றவர்களின் வாழ்க்கையை எழுதுவோர் பலர். பள்ளிப் பாடநூல் தொடங்கி வார இதழ் வரை வெற்றியாளர்களின் படங்களே நம் கண்ணில் படுகின்றன. நான் இங்கு எழுத முற்படுவது, ஒரே ஒரு நாள் தோற்றதற்காக வாழ்நாள் முழுவதும் தண்டிக்கப்பட்ட ஒரு விளையாட்டு வீரரின் கதை. அவர் பெயர் மொவாசிர் பார்போசா. பிரேசில் நாட்டுக் கால்பந்து அணியின் கோல்கீப்பராக விளங்கியவர். அவரைப் பற்றி நான் ஏன் எழுதுகிறேன் என்பதை இறுதியில் சொல்கிறேன்.

பார்போசா 1921ஆம் ஆண்டு மார்ச் 27ஆம் நாள், சாவோ பாவுலோ மாநிலத்துக் காம்பினாஸ் நகரில் பிறந்தார். கறுப்பினத்தைச் சேர்ந்தவர். சாவோ பாவுலோவின் இபிரங்கா கழகத்தில் ஆடிப் பெயர் பெற்று, 1945இல் ரியோ நகரின் புகழ்மிக்க வாஸ்கோ ட காமா கழகத்தில் சேர்ந்தார். கையுறை அணியாமல் வெறுங்கையாலேயே பந்தைப் பிடிப்பது அவர் வழக்கம். 1948இல் சிலி நாட்டில் தென் அமெரிக்கக் கழகங்களுக்கிடையே நடந்த போட்டியில் வாஸ்கோ வாகை சூடியபோது கோல்வாயில் நின்றவர் அவரே. 1949இல் தென் அமெரிக்க நாடுகளின் போட்டியில் பராகுவேயை 7-0 என வீழ்த்திப் பிரேசில் பட்டம் வென்றபோதும் அவரே நின்றார். அன்றைய பிரேசிலில் அவருக்கு இணையான கோல்கீப்பர் இல்லை எனலாம்.

1950இல் உலகக் கோப்பைப் போட்டி பிரேசிலில் நடந்தது. நம் இந்தியாவும் தகுதி பெற்றுப் பின் கலந்துகொள்ளாமல் விலகிய போட்டி அது. அதற்கென்றே ரியோவில் மரக்கானா என்னும் மாபெரும் அரங்கம் எழுப்பப்பட்டது. இறுதிச் சுற்றில் நான்கு அணிகள் மோதின. பிரேசில் சுவீடனை 7-1 என்றும், ஸ்பெயினை 6-1 என்றும் சிதறடித்தது. எஞ்சியிருந்தது உருகுவேயுடன் ஓர் ஆட்டம். அதில் சமநிலை கண்டாலே கோப்பை பிரேசிலுக்குத்தான். ஆட்டம் தொடங்கும் முன்பே பிரேசில் வீரர்களின் படத்தை அச்சிட்டு, உலக வெற்றியாளர்கள் இவர்களே என்று ஒரு நாளிதழ் அறிவித்துவிட்டது. ஆணவம் எப்படி வந்து அமர்கிறது பாருங்கள்!

ஜூலை 16ஆம் நாள். சீட்டு வாங்கி நுழைந்தவர் மட்டும் 1,73,850 பேர். இரண்டாம் பாதி தொடங்கியதுமே பிரியாசா கோல் அடித்தார். அரங்கம் அதிர்ந்தது. 66ஆம் நிமிடத்தில் உருகுவேயின் கிக்கியா வலப்பக்கமாக ஓடிவந்து பந்தை உள்ளே தட்டிவிட, சியாபினோ சமன் செய்தார். 79ஆம் நிமிடத்தில் அதே கிக்கியா அதே வழியில் மீண்டும் ஓடிவந்தார். முன்பு போலவே பந்தை உள்ளே தட்டுவார் என்று கணித்த பார்போசா ஓர் அடி முன்னே நகர்ந்தார். அந்த ஓர் அடியில் கம்பத்திற்கும் அவருக்கும் நடுவே சிறு இடைவெளி பிறந்தது. கிக்கியா அதன் வழியே பந்தை அடித்தார். பார்போசா பாய்ந்தார். பந்தை வெளியே தட்டிவிட்டதாகவே எண்ணினார். அரங்கத்தில் கவிந்த மௌனத்தைக் கேட்ட பிறகுதான் பந்து வலைக்குள் கிடப்பதை உணர்ந்தார். உருகுவே 2, பிரேசில் 1.

அந்த மௌனத்தைப் பற்றி இன்றளவும் எழுதுகிறார்கள். மக்கள் இருந்த இடத்திலேயே அமர்ந்து அழுதனர். பிரேசிலுக்காக உரை எழுதி வைத்திருந்த உலகக் கால்பந்துத் தலைவர் ஜூல் ரிமே, எந்தச் சடங்கும் இன்றி, கூட்டத்தின் நடுவே உருகுவேயின் தலைவர் வரேலாவின் கையில் கோப்பையைக் கொடுக்க நேர்ந்தது. தொலைதூரத்தில் பவுரு என்னும் ஊரில் வானொலியருகே கண்ணீர் விட்ட தந்தையைப் பார்த்து, ஒரு நாள் நான் உங்களுக்குக் கோப்பை வென்று தருவேன் என்று ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன் ஆறுதல் கூறினான். அச்சிறுவனே பின்னாளில் உலகம் போற்றிய பெலே.

அழுகை ஓய்ந்ததும் பழி தேடும் படலம் தொடங்கியது. முந்தைய இரு ஆட்டங்களில் பதின்மூன்று கோல் அடித்த முன்னணி வீரர்கள் அன்று ஒன்றோடு ஏன் நின்றார்கள் என்று கேட்டவர் மிகச் சிலரே. ஆட்டத்திற்கு முன்பே வெற்றி விழாக் கொண்டாடிய தங்கள் செருக்கை எண்ணிப் பார்த்தவர் அதனினும் சிலர். பழி மூவர் தலையில் இறங்கியது: பிகோடே, ஜூவெனால், பார்போசா. மூவரும் கறுப்பினத்தவர் என்பது தற்செயலா என்பதை நீங்களே சிந்தித்துப் பாருங்கள். அன்று அணிந்த வெள்ளைச் சட்டையைக்கூட நாடு வெறுத்து ஒதுக்கியது. 1953இல் போட்டி நடத்திப் புதுச் சட்டையைத் தேர்ந்தெடுத்தார்கள். இன்று நாம் காணும் மஞ்சள் சட்டை பிறந்தது அப்படித்தான். சட்டையை மாற்றிக்கொள்ளலாம், பார்போசா தம் தோலையும் முகத்தையும் எங்கே மாற்றுவார்?

1953இல் அவருக்குக் கால் முறிந்தது. நாட்டு அணியில் ஆடும் வாய்ப்பு அத்தோடு முடிந்தது. 1962 வரை கழகங்களுக்காக ஆடி ஓய்வு பெற்றார். பின்னர் அதே மரக்கானா வளாகத்திலேயே ஊழியராக வேலை பார்த்தார் என்பதை எண்ணும்போது நெஞ்சம் கனக்கிறது. ஒரு நாள் கடையில் நின்ற அவரைச் சுட்டிக்காட்டி, பிரேசிலையே அழவைத்த மனிதன் இவன்தான் என்று ஒரு தாய் தன் மகனுக்குச் சொன்னாளாம். தம் வாழ்வில் மிக வருந்திய நேரங்களுள் ஒன்றாக இதை அவர் பின்னர் நினைவுகூர்ந்தார்.

1993இல் உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் பிரேசில் பொலிவியாவிடம் 0-2 எனத் தோற்றது. தகுதிச் சுற்று ஆட்டம் ஒன்றில் அந்நாடு தோற்றது அதுவே முதல் முறை. நாடு பதறிக்கொண்டிருந்த அவ்வாண்டில், வீரர்களை வாழ்த்தலாம் என்று பயிற்சி முகாமுக்குச் சென்றார் முதியவர் பார்போசா. ராசியில்லாதவர் என்று கருதி உள்ளே விட மறுத்துவிட்டார்கள். பிரேசில் சட்டத்தில் எந்தக் குற்றத்திற்கும் முப்பது ஆண்டுக்கு மேல் சிறை கிடையாது, நானோ ஐம்பது ஆண்டாக அனுபவிக்கிறேன் என்று அவர் முதுமையில் நொந்துகொண்டார். மனைவியை இழந்து, வறுமையில் வாடி, மகளைப் போல் கவனித்துக்கொண்ட ஒரு பெண்மணியின் துணையோடு வாழ்ந்தவர், 2000ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள் பிராயா கிராண்டே என்னும் கடற்கரை ஊரில் தம் 79ஆம் வயதில் மறைந்தார். உலகக் கோப்பையில் ஒரு கறுப்பினத்தவர் மீண்டும் பிரேசிலின் முதன்மைக் கோல்கீப்பராக நிற்பதற்கு, 2006இல் டீடா வரும்வரை காலம் காத்திருந்தது. 2014இல் சொந்த மண்ணில் ஜெர்மனியிடம் 1-7 எனப் பிரேசில் நொறுங்கியபோதுதான், பார்போசா மீதிருந்த பழி நீங்கியது என்று பலரும் பேசினார்கள். கேட்பதற்கு அவர் இல்லை.

நண்பர்களே, இனி என் கதை. சென்ற ஆண்டு பொங்கலுக்கு எங்கள் ஊரில் நடந்த கால்பந்துப் போட்டியில் எங்கள் தெரு அணி ஐந்து கோல் வாங்கித் தோற்றது. கோல்கீப்பராக நின்ற அண்ணனை எல்லோர் முன்னிலையிலும் மிக இழிவாகத் திட்டியவர்களில் நானும் ஒருவன். ஐந்தில் இரண்டு கோல், நான் பந்தைப் பறிகொடுத்ததால் விழுந்தவை. அதை மறைக்கத்தான் என் குரல் அத்தனை உயர்ந்தது என்பதை இன்று ஒப்புக்கொள்கிறேன். அவர் ஒரு வார்த்தையும் திருப்பிப் பேசவில்லை. அதன்பின் திடலுக்கு வரவும் இல்லை. இப்போது வெளியூரில் வேலைக்குப் போய்விட்டார்.

அதே ஆண்டு, பருவத் தேர்வில் ஒரு தாளில் நான் தவறினேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். மூட்டை சுமந்து எனக்குக் கட்டணம் கட்டும் அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் சாப்பிடாமல் திரிந்தேன். சொன்னதும் அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். அடுத்த முறை எழுதிக்கொள்ளலாம், முதலில் சோறு தின்னு என்றார். அவ்வளவுதான். அந்தத் தாளில் இப்போது தேறிவிட்டேன். பார்போசாவின் வரலாற்றைப் படித்த அன்றிரவு, அப்பா எனக்குச் செய்ததை நான் அந்த அண்ணனுக்குச் செய்யவில்லையே என்ற எண்ணம் என்னை உறங்கவிடவில்லை.

தோல்வியில் வருந்துவது இயல்பு, அழுவதிலும் பிழையில்லை. ஆனால் பதினொரு பேர் ஆடித் தோற்றதை ஒருவர் தலையில் சுமத்துவது அறமாகாது. நம் கல்லூரி அணி தோற்றுத் திரும்பும் நாளிலும், வகுப்புத் தோழன் ஒருவன் தேர்வில் தவறிய நாளிலும் இதை நினைவில் கொள்வோம். வரும் பொங்கலுக்கு அந்த அண்ணன் ஊருக்கு வருவார். நான் திட்டிய அதே திடலில், அதே கூட்டத்தின் முன் அவரிடம் மன்னிப்புக் கேட்ட பிறகே பந்தைத் தொடுவது என்று உறுதி பூண்டுள்ளேன்.