மஞ்சள் காய்ச்சலை வென்ற மாக்ஸ் தைலர்

கானா, நைஜீரியா போன்ற ஆப்பிரிக்க நாடுகளுக்குப் போகிறவர் கையில் பாஸ்போர்ட் இருந்தால் மட்டும் போதாது. மஞ்சள் நிறச் சிறு புத்தகம் ஒன்றும் வேண்டும். மஞ்சள் காய்ச்சலுக்கு ஊசி போட்டுக்கொண்டதற்கு அதுதான் அத்தாட்சி.

அந்த ஊசி மருந்தைக் கண்டுபிடித்தவர் மாக்ஸ் தைலர்.

மஞ்சள் காய்ச்சல் கொசுவால் பரவுவது. நம் ஊர்க் காமாலை வேறு, இது வேறு. முற்றினால் உடம்பு மஞ்சளாகும். கறுப்பாக வாந்தி வரும். அந்த நிலைக்கு வந்தவர்களில் பாதிப் பேர் இறந்துவிடுவார்கள்.

தைலர் 1899-ம் ஆண்டு தென் ஆப்பிரிக்காவில் பிரிட்டோரியா நகரில் பிறந்தார். தந்தை பெயர் பெற்ற கால்நடை டாக்டர். மகன் லண்டன் சென்று வைத்தியம் படித்தார். 1922-ல் அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் வேலைக்குச் சேர்ந்தார்.

இளைஞரின் துணிச்சல்

அப்பொழுது நோகுச்சி என்ற ஜப்பானிய விஞ்ஞானி உலகப் புகழ் பெற்றிருந்தார். மஞ்சள் காய்ச்சல் கிருமியைக் கண்டுவிட்டதாக அவர் அறிவித்திருந்தார். அது வேறொரு நோயின் கிருமி என்று 1926-ல் தைலரும் உடன் வேலை செய்தவரும் காட்டினார்கள். தைலருக்கு அப்போது வயது 27.

உண்மையைத் தேடி நோகுச்சி ஆப்பிரிக்கா போனார். 1928-ல் அக்ரா நகரில் மஞ்சள் காய்ச்சலுக்கே பலியானார். பாவம்! அதற்கு முந்திய ஆண்டு ஸ்டோக்ஸ் என்ற விஞ்ஞானியும் லாகோஸ் நகரில் இதே நோயால் இறந்திருந்தார்.

இவ்வளவும் தெரிந்தே தைலர் அந்தக் கிருமியைக் கையாண்டார். குரங்குகளை வைத்துச் சோதிக்கப் பணம் ஏராளமாகச் செலவாகும். அவர் சுண்டெலிகளை வைத்துச் சோதித்தார். 1929-ல் காய்ச்சல் அவரையும் பிடித்துக்கொண்டது!

நல்ல வேளையாகப் பிழைத்தார். ஒருமுறை வந்து பிழைத்தவருக்கு அது மறுபடி வராது. அதன் பிறகு அச்சமின்றி வேலை செய்தார்.

கோழிக் கரு

1930-ல் நியூயார்க்கில் ராக்பெல்லர் ஸ்தாபனத்தில் சேர்ந்தார். அசிபி என்ற ஆப்பிரிக்கரின் ரத்தத்திலிருந்து 1927-ல் எடுத்த கிருமி அங்கே இருந்தது. அதைக் கோழிக் கருவின் தசையில் வளர்த்தார்கள். வளர்ந்ததை எடுத்துப் புதிய தசையில் விட்டார்கள். இப்படியே நூறு முறைக்கு மேல் மாற்றினார்கள். முரட்டு மாடு பழகப் பழகச் சாதுவாவதுபோல், கிருமியின் கொடுமை அடங்கியது. மறுபடி அப்படி அடக்கிப் பார்த்தபோது முடியவில்லை. அதிர்ஷ்டமும் கைகொடுத்தது என்றுதான் சொல்லவேண்டும்.

1937-ல் மருந்து தயாரானது. அதற்கு 17டி என்று பெயர். அடுத்த ஆண்டே பிரேசில் நாட்டில் 10 லட்சம் பேருக்கு மேல் ஊசி போட்டார்கள்.

ஒரு விபரீதமும் நடந்தது. 1942-ல் ஊசி போட்டுக்கொண்ட அமெரிக்கச் சிப்பாய்கள் சுமார் 50 ஆயிரம் பேர் காமாலையால் ஆஸ்பத்திரியில் படுத்தார்கள். மருந்து கெடாமலிருக்க அதில் மனித ரத்த நீரைச் சேர்த்திருந்தார்கள். அந்த ரத்த நீர் வழியாகக் காமாலைக் கிருமி புகுந்துவிட்டது. பிறகு ரத்த நீர் சேர்ப்பதை நிறுத்தினார்கள்.

1951-ல் தைலருக்கு நோபல் பரிசு கிடைத்தது. 1972-ல், 73-வது வயதில் காலமானார்.

இன்றும் போடுவது அந்த 17டி வழிவந்த மருந்துதான். முட்டை ஒத்துக்கொள்ளாதவர்கள் டாக்டரிடம் முன்னதாகவே சொல்லிவிட வேண்டும். ஒரு தடவை போட்டால் ஆயுள் முழுவதும் அத்தாட்சி செல்லும் என்பது 2016 முதல் விதி.

இந்தியாவில் மஞ்சள் காய்ச்சல் இல்லை. ஆனால் அதைப் பரப்பும் கொசு இருக்கிறது. ஆகவே அந்த நாடுகளிலிருந்து அத்தாட்சி இல்லாமல் வந்து இறங்குகிறவரை 6 நாள் வரை தனியே வைத்துவிடுவார்கள். ஊசி போட்டு 10 நாள் சென்ற பிறகே அத்தாட்சி செல்லும். பெட்டி கட்டும் நாளில் ஊசிக்கு ஓடிப் பயனில்லை.