கப்பல் விட்டவரின் கணக்கு நோட்டு

ஆண்டு விழா மலருக்கு ஒரு பெரியவருடைய வாழ்க்கையை எழுதித் தரச் சொல்லி நம்ம வட்டாரக் கூட்டமைப்பிலிருந்து சொன்னார்கள். நான் பத்தாவது வரைக்கும்தான் படித்தவள். எழுதுவது என்றால் தீர்மான நோட்டு எழுதியதோடு சரி. ஆனாலும் ஒருத்தரைப் பற்றி எழுதியே ஆகவேண்டும் என்று தோன்றியது. கப்பலோட்டிய தமிழர் வ.உ.சிதம்பரம் பிள்ளை அவர்கள்தான் அவர்.

அவரை நமக்கெல்லாம் பள்ளிப் புத்தகத்திலேயே தெரியும். செக்கு இழுத்தவர் என்று தெரியும். எனக்கும் அவ்வளவுதான் தெரிந்திருந்தது. போன வருஷம் எட்டாவது படிக்கிற என் மகளுக்குப் பேச்சுப் போட்டி வந்தது. நூலகத்தில் அவரைப் பற்றி புத்தகம் எடுத்துவந்து அவளுக்குப் படித்துக் காட்டினேன். அந்த நேரம் எங்கள் குழுவின் தையல் தொழில் நஷ்டத்தில் மாட்டிக்கொண்டு இருந்தது. அதனால் அவர் கதை எனக்குச் சுதந்திரப் போராட்டக் கதையாக மட்டும் தெரியவில்லை. கடன் வாங்கித் தொழில் நடத்தின ஒரு மனுஷனுடைய கதையாகவும் தெரிந்தது.

எங்கள் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் 12 பேர். வங்கிக் கடன் வாங்கி நாலு தையல் மிஷின் போட்டு உள்பாவாடை, நைட்டி தைத்து விற்கிறோம். ஒரு உள்பாவாடைக்குத் துணி, நாடா, நூல், தையல் கூலி எல்லாம் சேர்த்து 98 ரூபாய் ஆகும். 125 ரூபாய்க்கு விற்றோம். சுத்துப்பட்டு ஊரிலும், ஆந்திரா பக்கத்திலிருந்தும் ஜனங்கள் வந்து வாங்கினார்கள். அப்புறம் பெரிய வியாபாரி ஒருத்தர் அதே மாதிரி சரக்கை 100 ரூபாய்க்குக் கொடுத்தார். கொஞ்ச நாளில் 85 என்று இறக்கினார். நாங்களும் விடக்கூடாது என்று 90 ரூபாய்க்கு இறக்கினோம். இரண்டு மாசத்தில் 400 உருப்படி விற்றது. விற்கிறதே என்று சந்தோஷப்பட்டோம். கணக்குப் பார்த்தால் ஒவ்வொன்றிலும் 8 ரூபாய் கையை விட்டுப் போயிருந்தது. மொத்தம் 3,200 ரூபாய். வங்கித் தவணை நின்றது. கூட்டத்தில் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்க முடியவில்லை. இரண்டு பேர் குழுவை விட்டே போகிறேன் என்றார்கள். இந்தச் சமயத்தில்தான் அந்தப் புத்தகம் என் கைக்கு வந்தது. இனி அவர் கதைக்கு வருகிறேன்.

வ.உ.சி. 1872ஆம் வருஷம் செப்டம்பர் 5ஆம் தேதி ஒட்டப்பிடாரத்தில் பிறந்தார். அப்பா உலகநாத பிள்ளை வக்கீல். அம்மா பரமாயி அம்மாள். இவரும் வக்கீலுக்குப் படித்து, ஒட்டப்பிடாரத்தில் தொழில் செய்துவிட்டு, பிறகு தூத்துக்குடிக்கு வந்தார். முதல் மனைவி வள்ளியம்மை சீக்கிரமே இறந்துபோனார். அப்புறம் மீனாட்சி அம்மாளைக் கல்யாணம் செய்துகொண்டார். நல்ல வருமானம், நல்ல பேர். அப்படியே இருந்திருந்தால் வசதியாகவே வாழ்ந்து முடித்திருப்பார்.

அப்போது தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் நடுவில் பெரிய போக்குவரத்து. சரக்கும் போகும், தோட்ட வேலைக்கு ஜனங்களும் போவார்கள். அந்தக் கடல் பாதை முழுக்க பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி என்ற வெள்ளைக்காரக் கம்பெனியின் கையில் இருந்தது. அவர்கள் வைத்ததுதான் கட்டணம். நம்ம ஊர் வியாபாரிகளுக்கு வேறு வழி கிடையாது. ஒருத்தரிடம் மட்டுமே நூல் வாங்கி, அவருக்கே துணியைக் கொடுக்கிற தறிக்காரர் நிலைமை எப்படி என்று நம்ம பக்கத்தில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

முதலில் சுதேசிக்காரர்கள் பம்பாய்க் கம்பெனி ஒன்றிடம் கப்பலை வாடகைக்கு எடுத்து ஓட்டினார்கள். வெள்ளைக்காரக் கம்பெனி அந்தக் கம்பெனிக்கு நெருக்கடி கொடுத்து வாடகையை நிறுத்த வைத்தது. வ.உ.சி. அதோடு விட்டுவிடவில்லை. கொழும்புக்குப் போய் ஒரு கப்பலை வாடகைக்குப் பிடித்து, ஓட்டம் நிற்காமல் பார்த்துக்கொண்டார். ஆனால் அவருக்கு ஒன்று புரிந்துபோனது. வாடகைப் பொருளை நம்பித் தொழில் செய்தால், கொடுத்தவன் பிடுங்கிக்கொள்கிற அன்றைக்குத் தொழில் போய்விடும். சொந்தக் கப்பல் வேண்டும் என்று முடிவு செய்தார்.

1906 அக்டோபர் 16ஆம் தேதி சுதேசி நீராவிக் கப்பல் கம்பெனி பதிவானது. மூலதனம் 10 லட்சம் ரூபாய். அதை ஒரு பங்கு 25 ரூபாய் என்று 40,000 பங்காகப் பிரித்தார்கள். இதைப் படித்தபோது எனக்கு நம்ம குழு ஞாபகம்தான் வந்தது. பெரிய தொகையைச் சின்னச் சின்னதாக உடைத்து, நிறைய பேர் கையிலிருந்து சேர்க்கிற அதே வழிதானே! பெரிய பங்கு வாங்கினவர்களும் இருந்தார்கள். ஹாஜி முகமது பக்கீர் சேட் என்ற வியாபாரி ஒருத்தரே 8,000 பங்கு, அதாவது 2 லட்சம் ரூபாய்க்கு வாங்கினார். மதுரைத் தமிழ்ச் சங்கம் வைத்த பாண்டித்துரைத் தேவர் கம்பெனிக்குத் தலைவர். வ.உ.சி. உதவிச் செயலாளர்தான். பதவி சின்னது. ஆனால் ஊர் ஊராகப் போய்ப் பங்கு விற்றதும், ஓடி ஆடி வேலை பார்த்ததும் அவர்தான்.

பிறகு பம்பாய்க்குக் கிளம்பினார். திரும்பினால் கப்பலோடுதான் திரும்புவேன், இல்லாவிட்டால் கடலிலேயே உயிரை விடுவேன் என்று சபதம் செய்துவிட்டுப் போனார். அப்போது வீட்டில் பிள்ளைக்கு உடம்பு சரியில்லை, மனைவி கர்ப்பமாக இருந்தார் என்று சொல்வார்கள். இந்த இடத்தைப் படித்தபோது நான் மீனாட்சி அம்மாளைத்தான் நினைத்துக்கொண்டேன். ஊரே வ.உ.சி.யைப் பாராட்டியிருக்கும். வீட்டு அடுப்பை யார் எரித்தார்கள் என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

சொன்னபடி கப்பல் வந்தது. 1907 மே மாசம் காலியா, லாவோ என்று இரண்டு கப்பல்கள் தூத்துக்குடிக்கு வந்து சேர்ந்தன. ஒவ்வொன்றிலும் 1,300 பேருக்கு மேல் போகலாம். 4,000 மூட்டை சரக்கும் ஏற்றலாம். ஜனங்கள் திருவிழா போலக் கூடினார்கள். வியாபாரிகள் சரக்கைச் சுதேசிக் கப்பலுக்கே கொடுத்தார்கள்.

அப்புறம்தான் விலைப் போட்டி ஆரம்பித்தது. வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தது. சுதேசிக் கம்பெனி அரை ரூபாய்க்கு இறங்கியது. உடனே அவர்கள் இலவசமாகவே கூட்டிப்போகிறோம், கூடவே ஒரு குடையும் தருகிறோம் என்று இறங்கிவிட்டார்கள். அதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. எங்கள் 90 ரூபாய் உள்பாவாடை கண் முன்னால் வந்து நின்றது.

யோசித்துப் பாருங்கள். வெள்ளைக்காரக் கம்பெனிக்கு ஊர்ப்பட்ட கப்பல், எத்தனையோ பாதை. தூத்துக்குடியில் விட்ட பணத்தை வேறு இடத்தில் எடுத்துக்கொள்ளும். சுதேசிக் கம்பெனிக்கு நம்பியிருந்தது இந்த ஒரு பாதைதான். சேர்த்த பணமெல்லாம் கப்பலில் போட்டாகிவிட்டது. கப்பல் நின்றாலும் ஓடினாலும் நிலக்கரி, மாலுமி சம்பளம், பராமரிப்பு என்று செலவு மட்டும் நிற்காது. பெரியவனோடு விலை இறக்கிப் போட்டி போட்டால், யாருடைய பை முதலில் காலியாகும் என்பதுதான் கேள்வி. அரசாங்கமும் அவர்கள் பக்கம். சுதேசிக் கப்பலுக்குத் துறைமுகத்தில் அதிகாரிகள் கொடுத்த தொல்லைகள் தனி.

இவ்வளவு நெருக்கடியிலும் வ.உ.சி. தன் கம்பெனியை மட்டும் பார்த்துக்கொண்டு இருக்கவில்லை. 1908 பிப்ரவரி 27ஆம் தேதி தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கூலி குறைவு, வேலை நேரம் அதிகம், வார லீவு கிடையாது. சுப்பிரமணிய சிவாவும் இவரும் அவர்களோடு நின்றார்கள். ஊரில் பணம் வசூலித்துத் தொழிலாளர் குடும்பம் பட்டினி கிடக்காமல் பார்த்துக்கொண்டார்கள். ஒன்பது நாளில் மில் முதலாளிகள் இறங்கி வந்தார்கள். ஆனால் அவர் அரசியல் பேசுவது கம்பெனி நிர்வாகிகள் சிலருக்குப் பயமாக இருந்தது. போட்ட பணம் போய்விடுமோ என்ற பயம். அவர்களையும் நான் குறை சொல்ல மாட்டேன். நம்ம குழுவிலும் சேமிப்புப் பணம் என்றால் அந்தப் பயம் வருமே.

1908 மார்ச் 12ஆம் தேதி அவரைக் கைது செய்தார்கள். ஜூலை 7ஆம் தேதி தீர்ப்பு. இரண்டு ஆயுள் தண்டனை, மொத்தம் 40 வருஷம். மேல்முறையீட்டில் குறைந்தது. கோயம்புத்தூர் சிறை, அப்புறம் கண்ணனூர் சிறை. கோயம்புத்தூரில் மாட்டுக்குப் பதிலாக அவரைச் செக்கில் பூட்டினார்கள். அந்தச் செக்கு இன்றைக்கும் சென்னை கிண்டி காந்தி மண்டபத்தில் இருக்கிறது. சென்னைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் காட்டுங்கள்.

அவர் உள்ளே போனதும் கம்பெனி தள்ளாட ஆரம்பித்தது. ஓடி ஆடிப் பணம் திரட்ட, ஜனங்களைச் சேர்த்துப் பிடிக்க இன்னொருத்தர் இல்லை. 1911இல் கம்பெனியையே மூடினார்கள். இதில் வயிறு எரிகிற விஷயம், காலியா கப்பல் அந்தப் போட்டிக் கம்பெனியிடமே விற்கப்பட்டது. எந்தக் கம்பெனிக்கு எதிராக அவ்வளவு பாடுபட்டு வாங்கினாரோ, அவர்கள் கைக்கே போனது. சிறைக்குள் அவர் இதைக் கேட்டு எப்படித் துடித்திருப்பார்!

1912 டிசம்பரில் விடுதலையானார். அன்றைக்கு சிறை வாசலில் பெரிய கூட்டம் இல்லை. வக்கீல் உரிமம் போய்விட்டது. சொந்த ஜில்லாவுக்குப் போகவும் தடை. சென்னையில் தங்கி சிறு சிறு வியாபாரம் செய்து பார்த்தார். எதுவும் நிலைக்கவில்லை. தென் ஆப்பிரிக்காவில் இருந்த நம் ஜனங்கள் அவருக்கென்று வசூலித்த பணம் காந்தியடிகளிடம் இருந்தது. அதற்காக அவருக்குக் கடிதம் மேல் கடிதம் எழுதிக் காத்திருந்தார். கடைசியில் 1916இல் 347 ரூபாய் 12 அணா வந்து சேர்ந்தது. 10 லட்சம் மூலதனத்தில் கம்பெனி ஆரம்பித்தவர் 347 ரூபாய்க்குத் தபால்காரரை எதிர்பார்த்துக் காத்திருந்தார் என்றால், அந்த வீட்டு நிலைமை நமக்குப் புரியும்.

கோயம்புத்தூரில் ஒரு வங்கியில் வேலை பார்த்தார். வாலஸ் என்ற வெள்ளைக்கார நீதிபதியின் தயவால் வக்கீல் உரிமம் திரும்பக் கிடைத்தது. அந்த நன்றியை மறக்காமல் தன் பிள்ளைக்கு வாலேசுவரன் என்று பேர் வைத்தார். வெள்ளைக்கார ஆட்சியை எதிர்த்தவர்தான், ஆனால் நல்லது செய்த வெள்ளைக்காரரை மறக்கவில்லை. கோவில்பட்டியில் வக்கீல் தொழில் செய்தார். கடைசியில் தூத்துக்குடிக்கே வந்தார். 1936 நவம்பர் 18ஆம் தேதி அங்கே காங்கிரஸ் அலுவலகத்தில் அவர் உயிர் பிரிந்தது.

சாவதற்கு முன் ஓர் உயில் எழுதினார். அதில் எந்தெந்தக் கடைக்கு எவ்வளவு பாக்கி என்று எழுதி வைத்திருந்தார். ஜவுளிக்கடை, எண்ணெய்க்கடை என்று நம்ம வீட்டுக் கணக்கு மாதிரியே. படித்துவிட்டு அழுதுவிட்டேன். நாட்டுக்காக எல்லாம் இழந்தவர், எண்ணெய்க்கடைக்காரர் பாக்கியை மறைக்காமல் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அவர் தொழில் தோற்றிருக்கலாம், நாணயம் தோற்கவில்லை.

இந்தக் கதையை அடுத்த குழுக் கூட்டத்தில் சொன்னேன். சண்டை போட்டுக்கொண்டிருந்தவர்கள்கூட வாய் மூடிக் கேட்டார்கள். அன்றைக்கு மூன்று தீர்மானம் எழுதினோம். முதலாவது, அடக்க விலை 98 ரூபாய்க்குக் கீழே யார் வந்தாலும் இறங்குவதில்லை. இரண்டாவது, பெரிய வியாபாரி செய்ய முடியாததை நாம் செய்வது. வாங்குகிறவர் உயரம், இடுப்பு அளவு கேட்டுத் தைப்பது, பணம் வைக்க உள்ளே ஒரு பாக்கெட் வைப்பது. தறி வேலைக்கும் சந்தைக்கும் போகிற பெண்களுக்கு அந்தப் பாக்கெட் பிடித்துப்போனது. 135 ரூபாய்க்கு வாங்குகிறார்கள். ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணிக்கு வந்த கூட்டத்திலும் நன்றாக விற்றது.

மூன்றாவது தீர்மானம்தான் முக்கியம். எங்கள் கணக்கு முழுக்க எங்கள் தலைவி அக்கா ஒருத்தர் தலையில்தான் இருந்தது. அந்தச் சமயம் அவருக்குக் காய்ச்சல் வந்து ஒரு மாசம் படுத்துவிட்டார். யார் எவ்வளவு பாக்கி என்று எங்களுக்கு ஒன்றுமே தெரியவில்லை. வ.உ.சி.யை வெள்ளைக்காரன் பிடித்துப் போனான், அக்காவைக் காய்ச்சல் பிடித்தது. இரண்டிலும் தொழில் ஒரே ஆளை நம்பி நின்றது. இப்போது மூன்று பேர் கணக்கு எழுதுகிறோம். அதில் நானும் ஒருத்தி.

நின்றுபோன இரண்டு தவணையில் ஒன்றைக் கட்டிவிட்டோம். இன்னொன்று பாக்கி இருக்கிறது. அதை மறைக்காமல் இங்கேயே எழுதுகிறேன். குழுவை விட்டுப் போகிறேன் என்ற இரண்டு பேரும் போகவில்லை. அவர்களில் ஒருத்திதான் பாக்கெட் வைக்கலாம் என்று யோசனை சொன்னவள்.

வருகிற செப்டம்பர் 5ஆம் தேதி ஆசிரியர் தினம் என்று பிள்ளைகள் சொல்வார்கள். அன்றைக்கே இவருக்கும் பிறந்த நாள் என்று அவர்களுக்குச் சொல்லுங்கள். முடிந்தால் அன்றைக்கு உங்கள் குழுக் கணக்கு நோட்டையும் ஒருமுறை எல்லாருமாக உட்கார்ந்து பாருங்கள்.