செருப்புத் தொழிலாளியின் மகன் செய்த யுத்தம்

1945 மே 8, நள்ளிரவு நெருங்குகிறது. பெர்லின் நகரின் கார்ல்ஸ்ஹார்ஸ்ட் பகுதியில் ஒரு மண்டபம். ஐரோப்பாவை நடுங்க வைத்த நாஜிப் படையின் தளபதி கைட்டல், சரணாகதிப் பத்திரத்தில் கையெழுத்திட வருகிறான். சோவியத் நாட்டின் சார்பில் அதைப் பெற்றுக்கொள்ள அமர்ந்திருப்பவர் யார்? பிரபு வீட்டுப் பிள்ளையா? பரம்பரைச் சேனாதிபதியா? இல்லை, தோழர்களே! செருப்புத் தைத்துப் பிழைத்த ஓர் ஏழையின் மகன். பெயர் ஜுகோவ்.

1896-ல் ஸ்ட்ரெல்கோவ்கா என்ற சிற்றூரில் பிறந்தார். தாய் கூலிக்குச் சுமை ஏற்றிச் சென்றவர். பள்ளிப்படிப்பு மூன்றே ஆண்டு. பன்னிரண்டு வயதுக்குள் மாஸ்கோவில், மாமனின் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தார். விலங்குத் தோலைத் தைத்துச் சீமான்களுக்குக் குளிராடை செய்யும் பட்டறை அது. பகலெல்லாம் ஊசி, இரவில் புத்தகம். 1915-ல் ஜாரின் படை அவரை இழுத்துக்கொண்டது. 1918-ல் அவரே செஞ்சேனையில் சேர்ந்தார்.

1939-ல் மங்கோலிய எல்லையில், கால்கின் கோல் ஆற்றங்கரையில் ஜப்பானியப் படையைச் சுற்றி வளைத்து நொறுக்கினார். உலகம் அதை அதிகம் கவனிக்கவில்லை. ஆனால் வடக்கே பாய நினைத்த ஜப்பான், பிறகு தெற்கே திரும்பியதற்கு அந்த அடியும் ஒரு காரணம்.

1941 ஜூன் 22. முப்பது லட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்களுடன் ஹிட்லர் சோவியத் நாட்டின்மீது பாய்ந்தான். கீவ் நகரைக் கைவிட்டுப் படையைக் காப்போம் என்றார் ஜுகோவ். ஸ்டாலின் ஏற்கவில்லை, ஜுகோவின் தலைமைத் தளபதிப் பதவி போயிற்று. செப்டம்பரில் கீவ் வீழ்ந்தது. லட்சக்கணக்கான வீரர்கள் சிறைப்பட்டனர்.

அக்டோபரில் மாஸ்கோவின் வாசலுக்குப் பகைவன் வந்தபோது, அதே ஜுகோவைத்தான் அழைத்தார்கள். ஆலைத் தொழிலாளி துப்பாக்கி ஏந்தினான். பெண்கள் உறைந்த மண்ணில் பதுங்குகுழி தோண்டினார்கள். டிசம்பர் 5-ல் எதிர்த்தாக்குதல் தொடங்கியது, பகைவன் பின்வாங்கினான். சில மாதங்களில் முடித்துவிடலாம் என்ற ஹிட்லரின் மின்னல் யுத்தம் அங்கே செத்தது.

அடுத்தது ஸ்டாலின்கிராட். ஜுகோவும் வாசிலெவ்ஸ்கியும் வகுத்த திட்டம், நகருக்குள் மோதுவதோடு நிற்கவில்லை; பக்கவாட்டில் பலவீனமாக நின்ற ருமேனியப் படைகளை உடைத்தது. 1942 நவம்பர் 23-ல் வளையம் மூடியது. இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் உள்ளே சிக்கினர். 1943 பிப்ரவரி 2-ல் எஞ்சியவர்கள் ஆயுதத்தைக் கீழே போட்டனர். அசைக்க முடியாதது என்ற பெயரை நாஜிப் படை அங்கே இழந்தது.

அதே ஆண்டு ஜூலையில் கூர்ஸ்க். முந்திப் பாயாமல், வரிசை வரிசையாக அரண் அமைத்து, பகைவனின் டாங்கிகள் வந்து மோதிக் களைக்கும்வரை காத்திருந்து அடித்தார்கள். அதன்பின் கிழக்கு முனையில் போரின் போக்கைத் தீர்மானிக்கும் பலம் ஜெர்மனிக்குத் திரும்பவே இல்லை.

வெற்றியை மட்டும் எண்ணினால் கணக்கு பொய்யாகும். ஸ்டாலின்கிராட் வளையம் மூடிய அதே நாட்களில், ருஷெவ் முனையில் ஜுகோவ் மேற்பார்த்த தாக்குதல் தோற்றது. பல்லாயிரம் வீரர்கள் மாண்டார்கள். நெடுங்காலம் அதைப் பேசவே இல்லை. பெர்லினைப் பிடித்த கடைசி வாரங்களிலும் சுமார் 80 ஆயிரம் பேர் உயிர் கொடுத்தார்கள். கண்டிப்பான தளபதி அவர். உயிர்ச்சேதத்துக்கு அஞ்சித் தயங்கியவர் அல்லர்.

1945 ஜூன் 24-ல் வெள்ளைக் குதிரைமீது செஞ்சதுக்கத்தில் வெற்றி அணிவகுப்பைப் பார்வையிட்டார். மறு ஆண்டே ஒடெஸாவுக்கு ஒதுக்கப்பட்டார். 1955-ல் பாதுகாப்பு மந்திரி. 1957-ல் அதுவும் பறிபோனது. 1974-ல் மறைந்தார். சாம்பல் கிரெம்ளின் சுவரில் வைக்கப்பட்டது.

பதவி தந்தார்கள், பறித்தார்கள். ஆனால் அந்தப் போரில் மாண்ட சோவியத் மக்கள் சுமார் 2 கோடியே 70 லட்சம் பேருக்குத் தரவும் பறிக்கவும் எதுவுமில்லை. உழுதவன், நெய்தவன், உலையில் நின்றவன், அவன் தாய், அவன் பிள்ளை — அவர்களே அந்த மக்கள். ஊசி பிடித்த கை உலகத்தையே அச்சுறுத்திய படையை வென்றது, பெருமைப்படுவோம். அந்தக் கைக்குப் பின்னால் இருந்த கோடிக் கைகளையும் மறவாதிருப்போம்.