சார்ல்ஸ் ஹென்றி லாண்ட்

சார்ல்ஸ் ஹென்றி லாண்ட் (1847 – 1922) அமெரிக்காவின் டெட்ராயிட் நகரில் பணியாற்றிய பல் மருத்துவர் ஆவார். இவர் கனடாவில் பிறந்தவர். சிதைந்த பல்லை முழுவதுமாக மூடும் பீங்கான் உறையை உருவாக்கியதற்காக அறியப்படுகிறார். கணினியின் துணையுடன் ஒரே நாளில் பீங்கான் உறை பொருத்தும் இன்றைய முறை, இவர் தொடங்கிய பணியின் தொடர்ச்சியாகும்.

பின்னணி

19ஆம் நூற்றாண்டில் சொத்தைப் பல்லைப் பெரும்பாலும் தங்கத்தகடு அல்லது பாதரசக் கலவை கொண்டு அடைத்தனர். இவை உறுதியானவை, ஆனால் முன்பற்களில் பளிச்செனத் தெரிந்தன. பீங்கானாலான செயற்கைப் பற்கள் 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே பிரான்சில் செய்யப்பட்டன. எனினும் பீங்கான் சுடும்போது சுருங்குவதால், ஒரு பல்லின் குழிக்கு மிகச் சரியாகப் பொருந்துமாறு அதனைச் செய்வது கடினமாக இருந்தது.

செய்முறை

லாண்ட் 1880களில் இதற்கு ஒரு வழி கண்டார். மெல்லிய பிளாட்டினத் தகட்டைப் பல்லின் மீது அழுத்தித் தேய்த்து, அதன் வடிவத்தை அப்படியே பெற்றார். அத்தகட்டின் மேல் ஈரமான பீங்கான் பொடியைப் பூசி உலையில் சுட்டார். பிளாட்டினம் உருக 1,768 பாகை செல்சியசு வெப்பம் தேவை என்பதால், பீங்கானைச் சுடும் வெப்பத்தை அது தாங்கியது. சுருக்கத்தை ஈடுசெய்ய மீண்டும் பொடியிட்டுச் சுட்டு, இறுதியில் தகட்டை நீக்கிவிட்டு, உறையைப் பல்லின் மீது சிமெந்தினால் ஒட்டினார். இதற்கெனத் தனி எரிவாயு உலையையும் வடிவமைத்தார். முழுப் பல்லையும் மூடும் "ஜாக்கெட் உறை" பற்றி 1903இல் வெளியிட்டார். இது இயற்கைப் பல்லைப் போலவே தோன்றியது. ஆனால் எளிதில் உடையக்கூடியதாக இருந்தது.

காப்புரிமைச் சிக்கல்

லாண்ட் தம் முறைகளுக்குக் காப்புரிமை பெற்றார். அக்காலப் பல் மருத்துவர்கள் காப்புரிமையை வெறுத்ததற்குக் காரணம் இருந்தது. பல்செட்டுக்கான வல்கனைட்டு ரப்பரின் காப்புரிமையை வைத்திருந்த குட்இயர் டென்டல் வல்கனைட்டு நிறுவனம், பல ஆண்டுகள் மருத்துவர்களிடம் கட்டணம் வசூலித்தது. மறுத்தவர்கள் மீது வழக்குத் தொடுத்தது. 1879இல் அந்நிறுவனத்தின் பொருளாளர் ஜோசையா பேக்கன், சான் பிரான்சிஸ்கோவில் பல் மருத்துவர் ஒருவரால் சுட்டுக் கொல்லப்பட்டார். இச்சூழலில், மருத்துவ அறிவு பொதுவாக இருக்கவேண்டும் எனக் கருதியோர் லாண்டை எதிர்த்தனர். நோயாளிகளுக்குப் பயன்தரும் ஒரு முறை, அதனை உருவாக்கியவருக்குத் தம் துறையினருடன் பிணக்கையே தேடித்தந்தது.

குடும்பம்

இவரது மகள் எவாஞ்சலின் வேதியியல் ஆசிரியை. எவாஞ்சலினின் மகனே 1927இல் நியூயார்க்கிலிருந்து பாரிசுக்குத் தனியாக இடைநில்லாது வானூர்தி ஓட்டிய சார்ல்ஸ் லிண்ட்பெர்க். 1902இல் டெட்ராயிட்டில் பிறந்த லிண்ட்பெர்க், சிறுவயதில் பாட்டனாரின் ஆய்வுக்கூடத்தில் கருவிகளைக் கையாளப் பழகினார்.

பிற்கால வளர்ச்சி

உடையும் குறையைக் களைய, 1965இல் பிரித்தானியாவின் மெக்லீன், ஹியூஸ் ஆகியோர் அலுமினா கலந்த பீங்கானை அறிமுகம் செய்தனர். 1985இல் சூரிக் பல்கலைக்கழகத்தில் வெர்னர் மோர்மான், பொறியாளர் மார்க்கோ பிராண்டெஸ்டினியுடன் உருவாக்கிய "செரெக்" கருவியால் முதல் நோயாளிக்குச் சிகிச்சை அளித்தார். இதில் ஒளிப்படக்கருவி பல்குழியின் வடிவத்தைப் பதிகிறது. கணினியில் அடைப்பு வடிவமைக்கப்படுகிறது. பின்னர் பீங்கான் கட்டியிலிருந்து அது சில நிமிடங்களில் கடைந்தெடுக்கப்படுகிறது. கட்டி முன்பே சுடப்பட்டிருப்பதால், லாண்டை வருத்திய சுருக்கம் இங்கு எழுவதில்லை. தொடக்கத்தில் சிறு அடைப்புகளுக்கு மட்டும் பயன்பட்ட இம்முறை பின்னர் முழு உறைகளுக்கும் விரிந்தது.

இன்று பயன்படும் லித்தியம் டைசிலிகேட்டு உறைகள், கடைந்தபின் சுமார் 850 பாகையில் சுடப்பட்டே முழு வலிமை பெறுகின்றன. இதனால் சிறு உலை ஒன்று பல் மருத்துவமனைகளில் மீண்டும் இடம்பெற்றுள்ளது.