6174: ஒரு பள்ளிக்கூட வாத்தியார் கண்ட அதிசயம்

நாசிக் நகரத்துக்குப் பக்கத்தில் தேவ்லாலி என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கே 32 ஆண்டுகள் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவர் காப்ரேகர். 1930-ல் வேலைக்குச் சேர்ந்தார். 1962-ல் ஓய்வு பெற்றார். ஊரை விட்டுப் பெரிய பதவிக்குப் போகவில்லை. ஆனால் அவர் கண்டுபிடித்த ஓர் எண் உலகம் முழுவதும் போய்விட்டது!

அந்த எண் 6174.

தத்தாத்ரேய ராமச்சந்திர காப்ரேகர் 1905-ல், பம்பாய்க்கு வடக்கே தகாணு என்ற ஊரில் பிறந்தார். எட்டு வயதிலேயே தாயை இழந்தார். தந்தை ஒரு குமாஸ்தா. அவருக்கு ஜோதிடத்தில் மிகுந்த ஆசை. ஜாதகம் கணிக்க நிறையக் கணக்குப் போட வேண்டும் அல்லவா? அதைப் பார்த்துப் பார்த்து மகனுக்குக் கணக்குப் பைத்தியம் பிடித்தது.

புனாவில் கல்லூரியில் படிக்கும்போதே, 1927-ல், கணிதத்துக்கான பரிசு ஒன்றைப் பெற்றார். 1929-ல் பட்டம் வாங்கினார். அதற்கு மேல் படிக்கவில்லை. வாத்தியார் ஆகிவிட்டார்.

6174-ல் என்ன அதிசயம்? வீட்டில் யார் வேண்டுமானாலும் போட்டுப் பார்க்கலாம். நான்கு இலக்க எண் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கும் ஒரே இலக்கமாக மட்டும் இருக்கக்கூடாது. உதாரணமாக 4657. அந்த இலக்கங்களைப் பெரியதிலிருந்து சிறியதாக எழுதினால் 7654. சிறியதிலிருந்து பெரியதாக எழுதினால் 4567. பெரிய எண்ணிலிருந்து சிறியதைக் கழியுங்கள். வருகிற விடையை வைத்து மறுபடியும் அதே போலச் செய்யுங்கள்.

7654 – 4567 = 3087
8730 – 0378 = 8352
8532 – 2358 = 6174

இனி எத்தனை தடவை செய்தாலும் 6174-தான் வரும். 7641-லிருந்து 1467-ஐக் கழித்துப் பாருங்கள், தெரியும். வேறு எந்த எண்ணில் தொடங்கினாலும் சரி, ஏழு தடவைக்குள் 6174-ல் வந்து நின்றுவிடும். ஒரே ஒரு எச்சரிக்கை: விடை 999 என்று வந்தால் 0999 என்று எழுத வேண்டும். அந்தப் பூஜ்யத்தை விட்டால் கணக்குக் கெட்டுவிடும்.

மூன்று இலக்க எண்கள் இதே போல 495-ல் போய் நிற்கும். ஐந்து இலக்கத்துக்கு இப்படி ஒரே முடிவு கிடையாது. அதுதான் வேடிக்கை.

1949-ல் ஒரு கணித மாநாட்டில் காப்ரேகர் இதை அறிவித்தார். அந்த மாநாடு நடந்தது நம் சென்னையில்!

ஆனால் பாராட்டு எளிதில் வரவில்லை. இதெல்லாம் குழந்தை விளையாட்டு என்று கணித அறிஞர்கள் பலர் சிரித்தார்கள். அவர்கள் சொன்னதும் முழுப் பொய் அல்ல. இந்தக் கணக்கை வைத்துப் பாலம் கட்ட முடியாது. ஆனால் எத்தனையோ ஆயிரம் எண்கள் இருக்க, எல்லாம் ஏன் இந்த ஒரே எண்ணிடம் ஓடி வருகின்றன என்று கேட்கத் தோன்றியது தேவ்லாலி வாத்தியாருக்குத்தானே! காப்ரேகர் மனம் தளரவில்லை. பெரிய பத்திரிகைகள் ஏற்காத கட்டுரைகளைச் சிறிய பத்திரிகைகளில் எழுதினார். சிலவற்றைத் தாமே அச்சிட்டார்.

முதுமையில் கஷ்டம் வந்தது. 1966-ல் மனைவி இறந்தார். பென்ஷன் பணம் போதவில்லை. கணக்கும் விஞ்ஞானமும் டியூஷன் சொல்லிக் கொடுத்துக் காலம் தள்ளினார்.

1975-ல் அமெரிக்க எழுத்தாளர் மார்ட்டின் கார்ட்னர், 'சயன்டிபிக் அமெரிக்கன்' பத்திரிகையில் காப்ரேகரைப் பற்றி எழுதினார். பல நாட்டுக் கணித அறிஞர்கள் அவருடைய எண்களை ஆராயத் தொடங்கினார்கள். அப்போது வாத்தியாருக்கு வயது 70.

1986-ல் அவர் காலமானார். 6174-க்குக் 'காப்ரேகர் மாறிலி' என்று பெயர்.