பிராய்டுக்கு மறுப்புச் சொன்ன கல்கத்தா டாக்டர்

தீப்ஸ் நகரத்து அரசன் ஈடிபஸ், தந்தை இன்னார் என்று அறியாமலே வழித் தகராறில் அவரைக் கொன்றான். தாய் என்று அறியாமலே தாயை மணந்தான். நாட்டில் கொள்ளைநோய் பரவி, காரணம் தேடப் புகுந்தபோது உண்மை வெளியாயிற்று. தன் கண்களைத் தானே குத்திக்கொண்டான். இந்தப் பழைய கிரேக்கக் கதை ஒவ்வோர் ஆண் குழந்தையின் மனத்திலும் புதைந்து கிடக்கிறது என்றார் வியன்னா நகர டாக்டர் சிக்மண்ட் பிராய்டு. தந்தை தண்டிப்பார் என்ற பயத்தால்தான் பிள்ளை அந்த ஆசையை விடுகிறான் என்பது அவர் முடிவு.

அது முழு உண்மையல்ல என்று அவருக்கே எழுதியவர் கல்கத்தா டாக்டர் கிரீந்திரசேகர போஸ்.

1887-ல் பிறந்தவர். தந்தை தர்பங்கா மகாராஜாவிடம் திவான். அண்ணன் ராஜசேகர போஸ் வங்காளத்தின் பெரிய நகைச்சுவை எழுத்தாளர். 1910-ல் வைத்தியப் பட்டம் பெற்ற கிரீந்திரசேகரர், மருந்துக்கு அடங்காத நோய்களைக் கண்டு மனோதத்துவத்தில் இறங்கினார். அடக்கிவைத்த ஆசைகளைப் பற்றிய ஆராய்ச்சிக்குக் கல்கத்தா சர்வகலாசாலை 1921-ல் டாக்டர் பட்டம் அளித்தது. மறு ஆண்டு பார்சிபாகான் சந்தில் தம் வீட்டிலேயே இந்திய மனப்பகுப்பாய்வுச் சங்கத்தைத் தொடங்கினார்.

1929-ல் தம் கட்டுரைகளை பிராய்டுக்கு அனுப்பினார். ஆசைகள் ஜோடி ஜோடியாகவே பிறக்கின்றன. தந்தையை வெல்ல நினைக்கும் பிள்ளைக்குத் தாயைப் போலவே ஆகிவிடும் ஆசையும் உண்டு. பயந்து ஒடுங்குவதால் மனச்சிக்கல் தீராது, தந்தையின் அதிகாரத்தை மனத்தளவில் எதிர்த்து வென்றால்தான் தீரும் என்பது அவர் நோயாளிகளிடம் கண்டது. அந்நிய ஆட்சியில் இருந்த நாட்டிலிருந்து இப்படி ஒரு குரல்! பிராய்டு மரியாதையாகப் பதில் எழுதினார், கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

கோபிநத்தம் முதலான எல்லையோர ஊர்களில் கூத்தும் கதையும் கேட்டு வளர்ந்த நம்மவர்களுக்கு இதில் வியப்பிராது. மகன் குருவாகித் தந்தைக்கு உபதேசம் செய்த தலம் சுவாமிமலை. அங்கே கொலையும் இல்லை, குருட்டுக் கண்ணும் இல்லை. தந்தையே பிள்ளையின் தலையைக் கொய்த கதையும் நம்மிடம் உண்டு. அந்தப் பிள்ளைக்குத்தான் முதல் பூஜை. போஸும் புராணங்களை ஆழ்ந்து படித்தவர். 1934-ல் புராணப் பிரவேசம் என்ற நூலை எழுதினார்.

1931-ல் பிராய்டின் 75-ஆம் பிறந்த நாளுக்குச் சங்கத்தின் சார்பில் தந்தத்தில் செய்த விஷ்ணு சிலை போயிற்று. 1938-ல் நாஜிகளுக்குத் தப்பி லண்டன் சென்ற பிராய்டு, சேகரித்த சிலைகளோடு அதையும் கொண்டுபோனார். மறு ஆண்டே அங்கு காலமானார். இருவரும் நேரில் சந்தித்ததே இல்லை.

போஸ் காலம் முழுதும் வாதத்தில் கழியவில்லை. 1940-ல், அண்ணன் கொடுத்த இடத்தில், லும்பினி பார்க் மனநோய் ஆஸ்பத்திரியைத் திறந்தார். 1943-ல் வங்கப் பஞ்சம், 1946-ல் கல்கத்தா கலவரம், மறு ஆண்டு பிரிவினை. ஊரே நிலைகுலைந்த அந்த 1947-ல்தான் சங்கத்தின் சமீக்ஷா பத்திரிகையும் வெளிவரத் தொடங்கியது.

1953 ஜூன் 3-ல் போஸ் காலமானார். அந்த விஷ்ணு சிலை லண்டனில் பிராய்டு வாழ்ந்த வீட்டில், இப்போது அருங்காட்சியகமாக உள்ள இடத்தில், இருக்கிறது.