நாடியில் மனத்தைப் படித்த ஹகீம் இப்னு ஸீனா

வியாபாரிகளான நமக்குக் கல்லாப் பெட்டி எவ்வளவு முக்கியமோ, எதிரே நிற்பவரின் முகமும் அவ்வளவு முக்கியம். வந்தவர் ரொக்கத்துக்கு வந்தாரா, பற்றுக்கு வந்தாரா, வெறுமனே விலை கேட்டுப் போக வந்தாரா என்பது அவர் வாய் திறக்குமுன்பே நமக்குத் தெரிந்துவிடுகிறது. தெரிந்துவிட்டதாக நாம் எண்ணிக்கொள்கிறோம் என்று சொல்வதே சரி. பிறர் மனத்திலிருப்பதை அறியும் இந்தக் காரியத்தை ஆயிரம் வருஷங்களுக்கு முன்பே ஒரு கல்வியாக ஆராய்ந்த மேதை ஒருவர் இருந்தார். அவர்தாம் ஹகீம் இப்னு ஸீனா. மதரஸாவில் ஓதியதும் ஆரம்பப் பள்ளியில் படித்ததும் தவிர வேறு படிப்பில்லாத நான் அவருடைய தத்துவ நூல்களை அலசப் போவதில்லை. அவர் வாழ்க்கையில் நம் கடைக்கு உதவுகிற பகுதியை மட்டும் சொல்கிறேன்.

ஹிஜ்ரி 370, அதாவது கி.பி. 980-இல், புகாரா நகரை அடுத்த அஃப்ஷனா என்னும் கிராமத்தில் அவர் பிறந்தார். தகப்பனார் அப்துல்லாஹ் பல்கு நகரத்தவர். ஸாமானிய அரசரிடம் உத்தியோகம் பார்த்தவர். பிள்ளை பத்து வயதிலேயே குர்ஆன் ஷரீபை ஓதி முடித்துவிட்டது. பிறகு கணக்குப் படிக்க வேண்டுமே! அதற்குத் தகப்பனார் பையனை எந்தப் பெரிய உஸ்தாதிடம் அனுப்பினார் தெரியுமா? மரக்கறி விற்கும் ஒரு கடைக்காரரிடம் அனுப்பினார். நம் இந்திய நாட்டுக் கணக்கு முறையில் அந்தக் கடைக்காரர் தேர்ந்தவராம். இதை இப்னு ஸீனாவே தம் வாழ்க்கைக் குறிப்பில் சொல்லி வைத்திருக்கிறார். உலகம் போற்றிய மேதைக்கு முதல் கணக்கு வாத்தியார் நம் தொழிலைச் சேர்ந்தவர் என்பதைப் படித்த நாளில் எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

பதினாறாம் வயதில் வைத்தியம் பார்க்கத் தொடங்கினார். அரிஸ்டாட்டிலின் தத்துவ நூல் ஒன்றை நாற்பது முறை படித்தும் அவருக்கு விளங்கவில்லை. ஒரு நாள் அஸர் நேரத்தில் புத்தகக் கடைத்தெருவில் நின்றார். கூவி விற்பவன் ஒருவன் ஒரு புத்தகத்தை நீட்டினான். வேண்டாமென்று தள்ளினார். உடையவருக்குப் பண முடை, மூன்று திர்ஹத்துக்குத் தருகிறேன் என்று அவன் சொல்லவே வாங்கிக்கொண்டார். அது அல்-ஃபாராபி எழுதிய விளக்கம். வீட்டுக்குப் போய்ப் படித்தார். நாற்பது முறை திறவாத கதவு திறந்தது. மறுநாள் ஏழைகளுக்கு நிறைய தர்மம் செய்தார்.

புகாராவின் அரசர் நூஹ் இப்னு மன்ஸூர் நோயுற்றபோது, பெரிய வைத்தியர்களோடு இந்த இளைஞரையும் அழைத்தார்கள். அரசர் குணமானார். அதன்பின் அரசரின் நூல்நிலையம் அவருக்குத் திறந்துவிடப்பட்டது. பதினெட்டு வயதுக்குள் அக்காலத்துக் கல்விகளையெல்லாம் கற்று முடித்துவிட்டார்.

அவர் கண்ட கருத்துகளில் ஒன்று நமக்கு மிகவும் வேண்டியது. ஆடு ஓநாயைப் பார்க்கிறது. அதன் கண்ணுக்குத் தெரிவது நிறமும் உருவமும் அசைவுமே. பகைமைக்கு நிறமுமில்லை, வாடையுமில்லை. ஆனாலும் ஆடு ஓட்டமெடுக்கிறது. தன் குட்டியைக் கண்டாலோ அன்போடு நெருங்குகிறது. கண்ணுக்கும் காதுக்கும் எட்டாத இந்தப் பகையையும் பாசத்தையும் பிடித்துக்கொள்ளும் ஒரு சக்தி உயிர்களுக்குள் உண்டென்று கண்டு, அதற்கு வஹ்மு என்று பெயர் கொடுத்தார். அரபியில் வஹ்மு என்றால் வீண் எண்ணம் என்ற பொருளும் உண்டல்லவா? அது பொருத்தம்தான். ஏனென்றால் இந்தச் சக்தி வேகமாகத் தீர்ப்புச் சொல்லும், தப்பாகவும் சொல்லும். தேனைக் கண்டு, பித்தநீர் போலிருக்கிறதே என்று ஒருவன் அருவருப்பதை அவர் உதாரணமாகக் காட்டுகிறார். மிருகத்துக்கு வஹ்மே எஜமான். மனிதனுக்கோ அதன்மேல் அறிவு என்று ஒரு நீதிபதி உண்டு.

தேனைப் பித்தம் என்று தள்ளிய கதை என்னிடமும் ஒன்று உண்டு. சில வருஷங்களுக்கு முன் சுங்கை ஆயர் தாவாரில் என் கடையில் தோட்டத்துப் பெரியவர் ஒருவர் 555 புத்தகத்தில் பற்று வைத்திருந்தார். நாற்பது வெள்ளிச் சொச்சம் பாக்கி. ஆறு வாரமாகக் கடைப்பக்கம் வரவில்லை. ரோட்டில் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடுவார். பாக்கிக்காகத்தான் ஒளிகிறார் என்று நான் முடிவு கட்டி, ஒரு நாள் நாலு பேர் முன்னிலையில் கேட்டும்விட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. மறுநாள் பேரன் கையில் பணம் முழுவதும் வந்துவிட்டது. அதன் பிறகே அயல்கடை மலாய்க்காரர் விஷயத்தைச் சொன்னார்: பெரியவரின் மனைவி இறந்து அப்போது ஒன்றரை மாதம். என் கடைக்கு அவருடன் வந்து பருப்பும் புளியும் பார்த்துப் பொறுக்குவது அந்த அம்மாள்தான். அவரில்லாமல் என் கடை வாசலைப் பார்க்க அந்த மனிதருக்கு மனம் தாங்கவில்லை. முகம் திரும்பியதை நான் சரியாகவே கண்டேன். காரணத்தை மட்டும் என் கணக்குப் புத்தகத்திலிருந்து எடுத்துக்கொண்டேன்.

இப்னு ஸீனா அப்படி அவசரப்படுகிறவர் அல்ல. அல்-கானூன் என்னும் அவருடைய மாபெரும் வைத்திய நூல் ஐந்து புத்தகங்கள் கொண்டது. 12-ஆம் நூற்றாண்டில் லத்தீனில் பெயர்க்கப்பட்டு, 17-ஆம் நூற்றாண்டு வரை ஐரோப்பியக் கல்விக்கூடங்களில் பாடமாயிருந்தது. அதன் மூன்றாம் புத்தகத்தில், தலையைச் சேர்ந்த நோய்களோடு, இஷ்கு என்னும் காதல் நோயையும் வைத்திருக்கிறார். கண் குழிவிழும், அழும்போதன்றி ஈரமிராது, எதையோ இனிமையாகப் பார்ப்பது போலிருக்கும், நாடி ஒழுங்கின்றி ஓடும். நோயாளியோ யாரை நினைத்து உருகுகிறான் என்று சொல்லமாட்டான். அப்போது என்ன செய்வது? நாடியில் விரலை வைத்துக்கொண்டு பல பேர்களின் பெயரைச் சொல்ல வேண்டும். ஒரு பெயரில் நாடி துள்ளினால் உடனே தீர்ப்புச் சொல்லிவிடக் கூடாது. மறுபடி சொல்லிப் பார்க்க வேண்டும். மறுபடியும் துள்ளுகிறதா? பிறகு தெருக்கள், வீடுகள், தொழில்கள், ஊர்கள் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துச் சொல்லிச் சோதிக்க வேண்டும். தாம் இதைச் செய்து பார்த்துப் பலன் கண்டதாக எழுதியிருக்கிறார். ஷரீஅத் அனுமதித்தபடி இருவரையும் சேர்த்துவைப்பதே அதற்கு உத்தம சிகிச்சை என்பது அவர் அபிப்பிராயம்.

இந்நாளில் பொய் கண்டுபிடிக்கிற யந்திரம் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். அதுவும் நாடியையும் மூச்சையும்தான் அளக்கிறது. நெஞ்சு படபடத்தது என்று காட்டும். குற்றத்தாலா, பயத்தாலா என்று அதற்குத் தெரியாது. திரும்பத் திரும்பச் சோதிக்கச் சொன்ன ஹகீம் அந்த வித்தியாசத்தை அறிந்தவர்.

நூறு வருஷங்களுக்கும் அதிகமாகக் கழித்து, ஸமர்க்கந்தைச் சேர்ந்த நிஜாமி அரூஸி இதைக் கதையாகச் சொல்லியிருக்கிறார். ஜுர்ஜான் அரசர் காபூஸின் உறவினரான வாலிபர் ஒருவர் படுத்த படுக்கையாய்க் கிடக்கிறார். இப்னு ஸீனா நாடியைப் பிடித்துக்கொண்டு, ஊரறிந்த ஒருவரைப் பேட்டைகளின் பெயர்களைச் சொல்லச் சொல்கிறார்; பிறகு தெரு, பிறகு வீடு, பிறகு வீட்டிலுள்ளோர் பெயர். ரகசியம் வெளிப்பட்டதும் வாலிபர் வெட்கத்தால் போர்வைக்குள் முகத்தை மறைத்துக்கொள்கிறார். நிக்காஹ் நடக்கிறது. நல்ல கதை. ஆனால் தாம் ஜுர்ஜான் போய்ச் சேருமுன்பே காபூஸ் சிறைப்பட்டு இறந்துவிட்டதாக இப்னு ஸீனாவே எழுதியிருப்பதால், கதையைக் கதையாகவே வைத்துக்கொள்ள வேண்டும். கானூனில் உள்ள முறைதான் உறுதியானது.

அதே அரூஸி சொல்லும் இன்னொரு கதை: அரச குடும்பத்து இளைஞர் ஒருவருக்குத் தாம் ஒரு மாடு என்ற எண்ணம். என்னை அறுத்து ஹரீஸ் சமையுங்கள் என்று கத்துவார், அன்னம் தொடமாட்டார். நீ மாடல்ல என்று சொல்லிச் சொல்லி மற்றவர்கள் அலுத்துப்போனார்கள். இப்னு ஸீனாவோ கையில் கத்தியோடு கசாப்புக்காரராக உள்ளே வந்தார். கைகால்களைக் கட்டச் சொன்னார். விலாவைத் தடவிப் பார்த்து, மாடு மெலிந்திருக்கிறது, தீனி போட்டுக் கொழுக்க வையுங்கள் என்று சொல்லிப் போய்விட்டார். அன்று முதல் இளைஞர் சாப்பிட்டார். உணவில் மருந்தும் சேர்ந்து போயிற்று, குணமானார். நோயாளியின் எண்ணம் பொய்தான், ஆனால் அவர் படும் வேதனை பொய்யல்ல என்று கண்டுகொண்ட சிகிச்சை அது.

நம் வள்ளுவர் குறிப்பறிதல் என்ற பெயரில் இரண்டு அதிகாரங்கள் வைத்திருக்கிறார். ஒன்று அரசவைக்கு, மற்றொன்று காதலருக்கு. காதலர் குறிப்பை நாடியில் கண்ட ஹகீமுக்கு அரசவைக் குறிப்பு அவ்வளவு கைகொடுக்கவில்லை. ஹமதானில் ஷம்ஸுத் தவ்லாவின் வயிற்றுநோயைத் தீர்த்து, அவருக்கே மந்திரியானார். படைவீரர்கள் கலகம் செய்து வீட்டைச் சூறையாடி, அவரைக் கொல்லும்படி கேட்டார்கள். நாற்பது நாள் ஒரு வீட்டில் ஒளிந்திருந்தார். அரசருக்கு மறுபடி வயிற்றுவலி வந்தது; மன்னிப்புக் கேட்டு மறுபடி மந்திரியாக்கினார். அரசர் இறந்தபின் நான்கு மாதம் கோட்டைச் சிறை. கடைசியில் சூஃபி வேடத்தில் தப்பி இஸ்பஹான் போய்ச் சேர்ந்தார். இத்தனை அலைச்சலிலும் இரவு நேரங்களில் எழுதிக்கொண்டே இருந்தார்.

அவருடைய முடிவைச் சுமார் இருபத்தைந்து வருஷம் கூடவேயிருந்த மாணவர் ஜுஸ்ஜானி எழுதியிருக்கிறார். ஹகீமுக்குக் கடுமையான குடல்வலி கண்டது. ஒரு வைத்தியர் மருந்துச் சரக்கு ஒன்றை எடைக்கு அதிகமாகச் சேர்த்துவிட்டார். அது போதாதென்று, அவர் பணத்தில் பெருந்தொகையைக் கையாடியிருந்த சொந்த வேலைக்காரர்களே, அகப்பட்டுக்கொள்வோம் என்ற பயத்தில், அவர் உட்கொள்ளும் லேகியத்தில் அபினை மிகுதியாகக் கலந்துவிட்டார்கள். முன்பின் பார்த்திராத நோயாளியின் மணிக்கட்டில் விரலை வைத்து அவன் உள்ளத்திலிருந்த பெயரைக் கண்டுபிடித்தவருக்கு, தினமும் சோறு பரிமாறிய கைகளிலே நடுக்கம் தெரியவில்லை. கடைப் பையன்களை வைத்து வியாபாரம் நடத்தும் நாம் இந்த இடத்தில் சற்று நின்று படிப்பது நல்லது. அவர்களைச் சந்தேகிப்பதற்காக அல்ல. அந்த வேலைக்காரர்கள் முதலில் பணத்துக்காகத் திருடினார்கள்; பிறகு பயத்துக்காகக் கொல்லத் துணிந்தார்கள். அந்தப் பயத்தைத்தான் எவரும் கவனிக்கவில்லை.

உடம்பு இனித் தேறாது என்று தெரிந்ததும் ஹகீம் மருந்தை நிறுத்திவிட்டார். தம்மிடமிருந்ததை ஏழைகளுக்குத் தர்மம் செய்தார். பிறருக்குச் சேரவேண்டிய ஹக்குகளைத் தெரிந்தவரையில் திருப்பிக் கொடுத்தார். தம் அடிமைகளை விடுதலை செய்தார். மூன்று நாளைக்கு ஒருமுறை குர்ஆன் ஷரீபை ஓதி முடித்துக்கொண்டிருந்தார். ஹிஜ்ரி 428, கி.பி. 1037-இல், ரமலான் மாதத்தில் ஹமதானில் வஃபாத்தானார். அப்போது ஹிஜ்ரிக் கணக்கில் அவருக்கு வயது 58. அவருடைய கப்ரு இன்றும் அந்நகரில் இருக்கிறது.